எட்டுப் போட்டு, ரெண்டு கையில்

பிள்ளைக்குப் பெருக்கல் கணக்குச் சொல்லித்தர உகந்த நேரம் இரவு ஒன்பது மணி. சாப்பிட்ட தோசை பிள்ளையின் கண்ணிமையில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் மேலாளரிடம் சொல்லாமல் விழுங்கிய பதில் ஒன்று உங்கள் தொண்டையில் நின்றுகொண்டிருக்க வேண்டும். நாளைக் காலை நோட்டைக் காட்டியாக வேண்டும் என்ற சேதி எட்டே முக்காலுக்கு மேல்தான் வெளியே வர வேண்டும். இந்த மூன்றும் ஒரே நாளில் அமைவது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் வாரத்துக்கு நான்கு நாள் அமைகிறது.

சனிக்கிழமை காலை, மழைக்காகப் பள்ளி விடுமுறை விட்ட நாள், பிள்ளை தானாகவே நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காரும் வேளை, இவையெல்லாம் ஆகாத நேரங்கள். அப்போது சொல்லித்தந்தால் புரிந்துவிடும் அபாயம் இருக்கிறது.

தேவையான பொருட்கள்: கட்டம் போட்ட நோட்டு ஒன்று. முனை மழுங்கிய பென்சில் ஒன்று. காணாமல்போன ரப்பர் ஒன்று (தேட இருபது நிமிடம் ஒதுக்கவும்; சோபா இடுக்கில் இருக்கும்). பொறுமை, அரைத் தேக்கரண்டி. வாய்ப்பாட்டு அட்டையை மட்டும் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். அது கைக்கெட்டினால் பிள்ளை ஏழாம் வாய்ப்பாட்டைச் சட்டென்று பார்த்துக்கொண்டு, மிச்சமிருக்கிற மூளையைக் கணக்கின் பக்கம் திருப்பிவிடும். அட்டை இல்லாவிட்டால் ‘ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு’ என்று அடியிலிருந்து ஏறி வர வேண்டும். நாலேழு இருபத்தெட்டுக்கு வந்து சேர்வதற்குள் எந்தக் கணக்குக்காக ஏறினோம் என்பது மறந்துபோயிருக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

நான் இதையெல்லாம் படித்துவிட்டுச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் பதினெட்டு வருடமாகக் காசாளர் வேலை. விடிந்தால் எண்ணுவது, அடைந்தால் எண்ணுவது. மகள் நாலாம் வகுப்பு. 27ஐ 4ஆல் பெருக்கு என்ற ஒரே ஒரு கணக்கை நாங்கள் இருவரும் சேர்ந்து ஐந்து இரவு போட்டோம். அந்த ஐந்து இரவின் சாறு இந்தக் கையேடு.

பாடத்தை எப்போதும் ‘எங்க காலத்துல’ என்றுதான் தொடங்க வேண்டும். எங்க காலத்துல பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழா ஒப்பிப்போம் என்று சொல்லுங்கள். (எனக்குப் பன்னிரண்டுக்கு மேல் தகராறு. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பதால் மானம் தப்பியது.) மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தால் அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். தன் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த கதையை அவர் ஆரம்பிப்பார். முழு எண்ணோடு நிற்காமல் கீழ்வாய் இலக்கத்துக்கும் அந்தக் காலத்தில் வாய்ப்பாடு உண்டு. மா என்றால் 20இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. இதையெல்லாம் ஒன்றோடு ஒன்று பெருக்கிச் சந்தம் தவறாமல் ஒப்பிக்க வேண்டும், தப்பினால் சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான் என்பார்.

“முந்திரின்னா பாயசத்துல போடறதா தாத்தா?” என்று எங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டது. பேச்சு பாயசத்துக்குப் போனது. சேமியாவா, பால் பாயசமா என்று முடிவாகும்போது மணி ஒன்பதே கால். கணக்கு இன்னும் தொடங்கவில்லை. நல்ல தொடக்கம் என்பது இதுதான்.

அடுத்தது கலைச்சொல். இதில் தாராளமாக இருங்கள். நான் தமிழ்வழியில் படித்தவன். எனக்கு அது ‘எட்டுப் போட்டு, ரெண்டு கையில்’. என் மனைவிக்கு ‘ரெண்டு மிச்சம்’. மகளின் வகுப்பில் மிஸ் சொல்வது ‘கேரி ஓவர்’. டியூஷன் அக்காவுக்கு ‘ரீகுரூப்பிங்’. எதிர்வீட்டுப் பையனின் தமிழ்வழிக் கணக்குப் பாடநூலில் ‘இனமாற்றம்’. இந்த ஐந்தையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பரிமாற வேண்டும். ‘மிச்சம்’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே புழங்குங்கள். அடுத்த பருவத்தில் வகுத்தல் வரும்போது அதே சொல் வேறு பொருளில் வந்து நிற்கும். குழப்பத்தை இப்போதே விதைத்துவைத்தால் அப்போது அறுவடை செய்யலாம்.

சொல் விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். “நாலேழு இருபத்தெட்டு. எட்டுப் போட்டு, ரெண்டு கையில்” என்றேன். அவள் நோட்டில் 8 எழுதினாள். பிறகு ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து நீலப் பேனாவை எடுத்து, இடது உள்ளங்கையை விரித்து, நடுவில் 2 என்று எழுதிக்கொண்டாள். அடுத்த கணக்கில் ‘மூணு கையில்’ வந்தது. 2க்குப் பக்கத்தில் 3. ஐந்தாவது கணக்குக்கு வரும்போது உள்ளங்கை பழைய டவுன் பஸ் கண்டக்டரின் டிரிப் ஷீட் மாதிரி ஆகிவிட்டது. எந்த எண் எந்தக் கணக்குக்கு என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நடுவில் கை கழுவப் போய்வந்தாள். அதோடு எல்லா மிச்சமும் சாக்கடையில் போயிற்று. 27ஐ 4ஆல் பெருக்கினால் 88 என்ற விடை எங்கள் வீட்டில் பிறந்தது அப்படித்தான்.

இன்னொன்றையும் கேட்டாள். “போன வருஷம் கழித்தல்ல பக்கத்து வீட்டுல கடன் வாங்கினோமேப்பா, அதைத்தான் இப்ப திருப்பிக் குடுக்கறோமா?”

இப்படி ஒரு கேள்வி வந்தால் உடனே ‘கவனத்தை இங்க வை’ என்று அதட்ட வேண்டும். நானும் அதட்டினேன். பத்தை உடைத்து ஒன்றுகளாக்கினால் கடன், ஒன்றுகளைச் சேர்த்துப் பத்தாக்கினால் கையிருப்பு. ஒரே கதவு, போகும் வழியும் வரும் வழியும். பிள்ளை தானாகக் கதவைக் கண்டுபிடித்து நிற்கிறது. அதை அப்போது ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? நான்கு இரவு வீணாகாமல் போயிருக்கும்.

இப்போது தப்புகளுக்கு வருவோம். இந்தக் கலையின் உயிர்நாடி இங்கேதான். தப்பான விடையைப் பார்த்ததும் “எப்படி இது வந்துச்சு?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “கவனம் பத்தல” என்ற ஒரே மருந்தை எல்லா நோய்க்கும் கொடுங்கள்.

ஐந்து இரவில் என் மகள் கொண்டுவந்த விடைகளைத் தேதிவாரியாகச் சொல்கிறேன். முதல் இரவு 828. நாலேழு 28, அதை அப்படியே எழுதினாள். நாலிரண்டு 8, அதை இடப்பக்கம் எழுதினாள். பெருக்கினாள், எழுதினாள், எதையும் விடவில்லை. 27 ரூபாய் நோட்டு நான்கு வாங்கினால் 828 ரூபாயா என்று கேட்டிருந்தால் அவளே சிரித்திருப்பாள். நான் கேட்கவில்லை. இரண்டாம் இரவு 88, கை கழுவிய இரவு. மூன்றாம் இரவு 162. இது எனக்கு வெகுநேரம் பிடிபடவில்லை. இருபத்தெட்டு என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது இருபது. அதனால் 2ஐ முதலில் எழுதி, 8ஐக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். நாலிரண்டு 8, கையில் 8, ஆக 16. கேட்கிற வரிசையில் எழுதினால் 162தான் வரும்.

நாலாம் இரவு 168. இதுதான் தலைசிறந்த தப்பு. நாலாம் வகுப்பை எட்டிய பிள்ளைகளுக்கே வாய்க்கும். 8 எழுதி, 2ஐ மேலே பத்துகளின் தலையில் சின்னதாகப் போட்டாள். எல்லாம் சரி. பிறகு மேலே 2, கீழே 2, இரண்டையும் கூட்டி 4 ஆக்கி, அந்த 4ஐ 4ஆல் பெருக்கி 16 என்று எழுதினாள். ஏன் என்று கேட்டால் அவளிடம் பதில் இருந்தது. கூட்டல் கணக்கில் மேலே போட்டதை முதலில் கூட்டச் சொல்லித்தானே மூன்றாம் வகுப்பில் பழக்கினோம்? அதே இடத்தில் அதே அளவில் ஒரு எண் உட்கார்ந்திருக்கிறது. அதை இப்போது மட்டும் கடைசியில் கூட்டு என்றால் ஏன் என்று சொல்ல வேண்டாமா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘அது அப்படித்தான்’ என்றேன். பதினெட்டு வருடக் காசாளன்.

பூஜ்யம் வந்தால் விசேஷம். 306ஐ 4ஆல் பெருக்கு என்று கொடுத்தேன். நாலாறு 24, 4 போட்டு 2 மேலே. நாலு பூஜ்யம் பூஜ்யம் என்று 0 எழுதினாள். நான்மூன்று 12. விடை 1204. “மேல இருந்த ரெண்டு எங்கடி?” என்று கேட்டேன். “பூஜ்யத்தோட எது சேர்ந்தாலும் பூஜ்யமாயிடும்னு நீங்கதானப்பா சொன்னீங்க” என்றாள். சொன்னது நான்தான். சேர்வதற்கும் பெருக்குவதற்கும் நான் வித்தியாசம் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. 268ஐ 4ஆல் பெருக்கியபோது நடுவில் போட்ட 3 வேலை முடிந்தும் கிளம்பாமல் நின்றது. அடுத்து வந்த 2ஓடு அதையும் சேர்த்து 5 என்று கூட்டி 1372 கொண்டுவந்தாள். வர வேண்டியது 1072. விருந்தாளி எப்போது கிளம்புவார் என்பதை அவர் வரும்போதே சொல்லிவைக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

1978இல் அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிள்ளைகளின் கழித்தல் கணக்குகளை இப்படித்தான் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் கண்மூடித்தனமாகத் தப்பு செய்வதில்லை, பல சமயம் தப்பைக்கூட ஒரு விதி வைத்துக்கொண்டு, அந்த விதியிலிருந்து இம்மி பிசகாமல் செய்கிறார்கள் என்று கண்டார்கள். அதை வைத்து ஒரு கணினி நிரலும் எழுதினார்கள். அது வேண்டுமென்றே ஒரு பிள்ளையைப் போலத் தப்பு செய்யும். ஆசிரியப் பயிற்சி பெறுகிறவர்கள் அதன் உள்ளே இருக்கும் விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். நிரலின் பெயர் பக்கி. நம் ஊர்ப் பக்கி இல்லை, பூச்சி என்ற பொருளில் வருவது. நானோ ஒன்பதே முக்கால் மணிக்கு நம் ஊர்ப் பொருளில்தான் அந்தச் சொல்லை உபயோகித்தேன். இதைச் செய்வதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை.

குரலைப் பற்றி இரண்டு வார்த்தை. முதல் தடவை சொல்லும்போது மெதுவாக. இரண்டாம் தடவை அதே வாக்கியத்தைச் சத்தமாக. மூன்றாம் தடவை அதே வாக்கியத்தை எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி. வாக்கியத்தை மட்டும் மாற்றவே கூடாது. சத்தம் கூடக்கூடக் கணக்கு தெளிவாகும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. “ஏங்க, அவளுக்குக் காது நல்லாத்தாங்க கேக்குது” என்று என் மனைவி சமையலறையிலிருந்து சொன்னது இந்த நம்பிக்கைக்கு எதிரானது. அதனால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

இந்தக் கட்டத்தில் உங்களுக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கலாம். ஆறுதலுக்கு ஒரு சேதி. 1642இல் பிரான்சில் பிளேஸ் பாஸ்கல் என்ற பத்தொன்பது வயதுப் பையன், வரி வசூல் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்காக ஒரு கூட்டல் இயந்திரம் செய்யத் தொடங்கினான். சக்கரத்தைச் சுற்றி எண்ணைக் கூட்டுவது லேசான வேலை. ஒரு சக்கரம் 9ஐத் தாண்டி 0க்கு வரும்போது பக்கத்துச் சக்கரத்தை ஒரே ஒரு பல் நகர்த்த வேண்டுமே, அதுதான் உயிரை வாங்கியது. எடை தொங்கும் ஒரு நெம்புகோலை மெல்ல மெல்லத் தூக்கி, சரியான தருணத்தில் தொப்பென்று விழவைத்து அதைச் சாதித்தான். ஐம்பதுக்கு மேற்பட்ட மாதிரிகள் செய்து பார்த்ததாக அவனே எழுதியிருக்கிறான். இருநூறு வருடம் கழித்து இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறிக்குப் படம் போட்டபோதும் தலையைப் பிய்த்துக்கொண்டது இந்தக் கையிருப்பை எப்படிக் கடத்துவது என்பதில்தான். பித்தளையையும் இரும்பையும் அத்தனை பாடுபடுத்திய சங்கதி. இதைச் சொல்லிப் பிள்ளையிடம் “பாத்தியா, எவ்வளவு சுலபம்” என்று முடிக்கவும்.

கையேட்டின் மிக முக்கியமான எச்சரிக்கை இனிமேல்தான். வீட்டில் வியாபாரம் செய்து பழகிய பெரியவர்கள் யாராவது இருந்தால் அந்த நேரத்துக்கு அவர்களைக் கோயிலுக்கு அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பத் தவறினேன்.

என் அம்மா உறையூரில் முப்பது வருடம் இட்லிக் கடை போட்டவள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நாலாம் இரவு 168க்காக நான் கத்திக்கொண்டிருந்தபோது, வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்: “ஏண்டா, என்ன கணக்குக்கு இந்தக் கூப்பாடு?”

“இருவத்தேழை நாலால பெருக்கணும்மா.”

“நூத்தியெட்டு. இதுக்கா? நட்சத்திரம் இருவத்தேழு, ஒண்ணொண்ணுக்கும் நாலு பாதம். நூத்தியெட்டுப் பாதம்னு எந்த ஜோசியனைக் கேட்டாலும் சொல்லுவானே.”

“நட்சத்திரம் இல்லாம எப்படி அப்பாயி சொல்லுவீங்க?” என்றது பிள்ளை.

“இட்லி நாலு ரூவா, ஒருத்தன் இருவத்தேழு இட்லி கட்டச் சொல்றான். நாலிருவது எம்பது. நாலேழு இருவத்தெட்டு. நூத்தியெட்டு. முடிஞ்சுது, காசை வாங்கிப் போட வேண்டியதுதான்.”

கவனித்தீர்களா? பெரிய எண்ணிலிருந்து தொடங்குகிறாள். எந்தக் கடைக்காரரும் மனக்கணக்கை அப்படித்தான் போடுகிறார். முதலில் பெரிய பணம், பிறகு சில்லறை. ஏழிலிருந்து தொடங்கி வலமிருந்து இடமாக நகர்வது தாளில் எழுதுகிறவனின் வசதி. எழுதியதை அடித்துத் திருத்த வேண்டாம், அவ்வளவுதான் அதன் பெருமை. இன்னொன்று, அம்மாவின் வாயில் ‘இரண்டு’ என்று ஒன்று வரவே இல்லை. ‘இருபது’ என்றுதான் வந்தது. தமிழில் எண்ணுகிறவருக்கு இது ஒரு சலுகை. இருபத்தேழு என்றாலே இரு பத்தும் ஏழும் பேரிலேயே வந்து நிற்கின்றன. (தொண்ணூறையும் தொள்ளாயிரத்தையும் யாரும் இப்போது கிளப்ப வேண்டாம். தொண்ணூறில் நூறு இல்லை, தொள்ளாயிரத்தில் ஆயிரம் இல்லை. நம் மொழிக்கும் ஒன்பது என்று வந்தால் தடுமாற்றம் உண்டு.) பழைய தமிழ் இலக்கத்தில் 27ஐ ௨௰௭ என்று எழுதுவார்கள். இரண்டு, பத்து, ஏழு. பத்துக்கென்று தனி எழுத்து நடுவில் நிற்கும். ‘ரெண்டு கையில்’ என்று ஒருவன் சொன்னால், ரெண்டா, ரெண்டு பத்தா என்று ஏடே திருப்பிக் கேட்டிருக்கும்.

மறுநாள் பிள்ளை நோட்டில் அப்பாயி வழியில் எழுதிக் கொண்டுபோனாள். 80 கூட்டல் 28, 108. மாலையில் நோட்டு சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறியோடு திரும்பி வந்தது. விடைக்கு அல்ல, வழிக்கு. மேலே 2 போட்டுக் காட்டவில்லையாம். மிஸ்ஸைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முந்தைய நான்கு இரவும் நானும் அந்த 2ஐத்தான் துரத்திக்கொண்டிருந்தேன். ஆனாலும் 1150இல் ‘லீலாவதி’ என்ற கணக்கு நூலை எழுதிய பாஸ்கரரின் நினைவு வந்தது. அவர் ஒரு பெண்ணை விளித்து 135ஐ 12ஆல் பெருக்கச் சொல்கிறார், விடை 1620. அதற்கு அவர் ஒரு வழியோடு நிற்கவில்லை. 12ஐ 8, 4 என்று உடைத்துப் பெருக்கிக் கூட்டலாம். 3ஆல் பெருக்கி வந்ததை 4ஆல் பெருக்கலாம். 20ஆல் பெருக்கி, 8 மடங்கைக் கழித்துவிடலாம். இடம் இடமாகவும் போடலாம். இத்தனை வழி சொன்னவருக்கு எங்கள் மகளின் வகுப்பில் எத்தனை சிவப்புக் குறி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

ஐந்தாம் இரவுதான் எல்லாம் கெட்டது.

அம்மா தன் சுருக்குப்பையை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள். “நாலு பேருக்கு ஆளுக்கு இருவத்தேழு ரூவா வை பாப்பா” என்றாள். பத்து ரூபாய் நோட்டு இரண்டு, ஒரு ரூபாய் காசு ஏழு; அப்படி நான்கு கூறு. (பத்து ரூபாய்க் காசு வேண்டாம் என்று அம்மா ஒதுக்கிவிட்டாள். செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும், வங்கிக் காசாளரான நானே சொன்னாலும், அவள் வாங்க மாட்டாள்.) ஒரு ரூபாய் காசு வீட்டைப் புரட்டியும் பத்தொன்பதுதான் தேறியது. மீதி ஒன்பதுக்குப் புளியங்கொட்டை வைத்தோம்.

எல்லாவற்றையும் ஒன்றாக வழித்துச் சேர்த்தாள் பிள்ளை. ஒரு பக்கம் எட்டு நோட்டு. இன்னொரு பக்கம் காசும் கொட்டையுமாக இருபத்தெட்டு.

“இம்புட்டுச் சில்லறைய வெச்சு என்ன பண்ணுவே? இருவது எண்ணிக் குடு, நோட்டாத் தரேன்” என்றாள் அம்மா. பிள்ளை எண்ணிக் கொடுத்தாள். அம்மா இரண்டு பத்து ரூபாய் நோட்டை நீட்டினாள். தரையில் எட்டு காசு கிடந்தது. பிள்ளையின் கையில் இரண்டு நோட்டு.

கையில் ரெண்டு.

நான் அந்தக் கையையே பார்த்தேன். இரண்டாம் இரவின் நீலப் பேனாக் கறை உள்ளங்கையில் இன்னும் லேசாக இருந்தது. அதன் மேலேயே அந்த இரண்டு நோட்டு. நாளுக்கு எத்தனை பேருக்குச் சில்லறை வாங்கிக்கொண்டு நோட்டுக் கொடுக்கிறேன். நூறு நோட்டு ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பண்டில் என்று அடுக்கி அடுக்கி விரல் தேய்ந்தவன். கவுண்டருக்கு உள்ளே பதினெட்டு வருடமாக இதே பெருக்கல் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது கவுண்டருக்கு வெளியே ஒருநாளும் உறைக்கவில்லை.

அவள் அந்த இரண்டு நோட்டையும் எட்டு நோட்டின் மேல் வைத்தாள். பத்து நோட்டு. அம்மா அதையும் வாங்கிக்கொண்டு நூறு ரூபாய் ஒற்றை நோட்டாகத் தந்தாள். பிள்ளை தரையைப் பார்த்தாள். ஒரு நூறு, எட்டு காசு. நடுவில் வெறும் தரை.

“பத்து ரூபா நோட்டு ஒண்ணுகூட இல்ல. அதான் நடுவுல பூஜ்யமா?” என்றாள்.

இதற்குமேல் பொறுக்க முடியாமல் நான் என் விதியை நானே மீறினேன். நேற்றைய 168 எப்படி வந்தது என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். மறுபடி நான்கு கூறு போட்டாள். பிறகு அப்பாயியின் பையிலிருந்து இரண்டு நோட்டை எடுத்து முதல் கூறின் மேல் வைத்தாள். அடுத்த கூறுக்கும் வைக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்ததற்கும், நாலாவதற்கும். “மொதல்லயே சேர்த்தா ஆளுக்கு ரெண்டு நோட்டு கூடப் போயிடுதுப்பா. ஒரு தடவைதான் மாத்தினோம், நாலு தடவை குடுத்துட்டேன்.” விரல் கணுவில் எண்ணினாள். “அறுவது ரூபா நஷ்டம்.”

கல்லாவில் அறுபது ரூபாய் குறைந்தால் மாலையில் என் பையிலிருந்து போட வேண்டும். அந்த நஷ்டம் ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு அவள் நோட்டை எடுத்தாள். 8 எழுதினாள். மிஸ் கேட்டபடி 2ஐப் பத்துகளின் தலையில் சின்னதாகப் போட்டாள். பெருக்கினாள். 2ஐக் கூட்டிவிட்டு அதன் மேல் ஒரு கோடு இழுத்து அடித்தாள். “எதுக்குடா அடிச்சே?” என்று கேட்டேன். “மாத்தியாச்சுல்ல” என்றாள். மணி எட்டரைதான் ஆகியிருந்தது. யாரும் அழவில்லை. எதிர்வீட்டில் ஊருக்குப் போய்விட்டோம் என்று நினைத்திருப்பார்கள்.

ஆகவே பெற்றோரே, வீட்டில் சில்லறை வைக்காதீர்கள். பணத்தையெல்லாம் கைப்பேசியில் அனுப்பிப் பழகுங்கள். அதில் மாற்றிக் கொடுக்கும் வேலையே கிடையாது, பிள்ளையும் எதையும் பார்க்காது. சுருக்குப்பை உள்ள பெரியவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இந்தக் கையேட்டை இங்கேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. நேற்று ராத்திரி அவள் நோட்டைத் திறந்துகொண்டு வந்தாள். அடுத்த பாடம், 27ஐ 14ஆல் பெருக்கு. “முதல் வரி வந்துடுச்சுப்பா, நூத்தியெட்டு. ரெண்டாவது வரியில ஒண்ணாம் இடத்துல ஒரு பெருக்கல் குறி போட்டுட்டு ஆரம்பிக்கணும்னு மிஸ் சொன்னாங்க. ஏன்ப்பா? அங்க யாரு இருந்தா?”

சட்டையை மாட்டிக்கொண்டே, பால் தீர்ந்துவிட்டது, வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். “சாயங்காலந்தானே ரெண்டு பாக்கெட் வாங்கினீங்க” என்ற மனைவியின் குரல் படியிறங்கும்போது கேட்டது. தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் வழியாக, அம்மா சுருக்குப்பையை அவிழ்ப்பது தெரிந்தது.